எந்த விலையிலிருந்து தள்ளுபடி?

“அறுபது பெர்சன்ட் கழிச்சுத்தான் தர்றாங்களாம் அண்ணே. வாங்கிரலாமா?”

எங்கள் தெருக்காரர் ஒருவர் இப்படிக் கேட்டுத் துண்டுத்தாள் ஒன்றை நீட்டினார். அவர் மனைவிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையின் பெயர், அட்டையில் அச்சிட்ட விலை, கழிவு, கட்ட வேண்டிய தொகை என்று நாலே வரி. பொங்கல் கரும்புக்கு விலை பேசுவதில் மேலூரில் அவரை அசைக்க முடியாது. கட்டு என்ன விலை, வெட்டுக்கூலி யாருடையது, லாரி வாடகை யார் தலையில் விழும் என்று வியாபாரியை வரப்பிலேயே நிற்கவைத்துக் கேட்டுவிடுவார். அந்த மாத்திரை அட்டைக்கு முன்னால் அவருக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. எனக்கும் அன்று பதில் தெரியவில்லை. கரும்புக்கு அவர் கேட்கும் கேள்விகளையே புற்றுநோய் மருந்துக்கும் கேட்டால் என்ன கிடைக்கும் என்று அதன்பிறகு தேடத் தொடங்கினேன்.

முதல் கேள்வி, கழிவு எந்த விலையிலிருந்து என்பது.

நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கும் எர்லோடினிப் என்ற மாத்திரையை எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரி 27 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், அதுவரை விலைக் கட்டுப்பாட்டில் இல்லாத 42 புற்றுநோய் மருந்துகளுக்கு ஓர் ஆணை பிறப்பித்தது. தயாரிப்பாளர் முதன்முதலில் விற்கும் விலைக்கு மேல் வணிக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். ஆணை வந்ததும் எர்லோடினிப் 150 மில்லிகிராம் பிராண்டு ஒன்றின் அச்சிட்ட விலை 9,999 ரூபாயிலிருந்து 891 ரூபாய் 79 காசுக்கு இறங்கியது. ஆணைக்கு முந்தைய வாரம் ஒரு கடைக்காரர் அதே அட்டையை 80 சதவீதம் கழித்துக் கொடுத்திருந்தால், வாங்கியவர் 2,000 ரூபாய் கட்டியிருப்பார். எட்டாயிரம் மிச்சம் என்று கையெடுத்துக் கும்பிட்டு வந்திருப்பார். அடுத்த மாதம் கழிவே இல்லாமல் அதே மாத்திரை 892 ரூபாய். அவர் கும்பிட்டுக் கட்டிய பணம் நியாய விலையின் இரண்டு மடங்குக்கும் மேல்.

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு அரசு உச்ச விலை வைக்கிறது. பட்டியலில் இல்லாத மருந்துக்குத் தொடக்க விலையைக் கம்பெனியே அச்சிட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கும்போது போட்டி நோயாளியிடம் நடப்பதில்லை. எந்தப் பிராண்டு என்று முடிவுசெய்பவர் நோயாளி அல்லவே. மருத்துவமனைக்கும் மொத்த வியாபாரிக்கும் மலிவாகக் கொடுத்து, அட்டையில் பெரிய எண்ணை அச்சிட்டால், நடுவில் விழும் இடைவெளி விற்பவருக்கு. அதிலிருந்து ஒரு பங்கைக் கிள்ளித் தருவதற்குத்தான் தள்ளுபடி என்று பெயர். 2019 ஆணையால் 526 பிராண்டுகளின் விலை 90 சதவீதம் வரை குறைந்தது, நோயாளிகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 984 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு கணக்குச் சொன்னது. அந்த 984 கோடியும் அதுவரை ஒவ்வோர் ஆண்டும் யாரோ நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் அந்த ஆணைக்கும் எல்லை உண்டு. இடையில் ஏறிய விலையைத்தான் அது இறக்கியது. காப்புரிமை பெற்ற ஒரே கம்பெனி தயாரித்து, முதல் விற்பனையிலேயே லட்சத்தில் தொடங்கும் மருந்தை அது ஒன்றும் செய்யவில்லை. புற்றுநோய் மருந்து விலையில் இப்படி இரண்டு வகை உண்டு: வழியில் ஏறிய விலை, பிறக்கும்போதே ஏறியிருந்த விலை. முதல் வகைக்கு நாலு கடையில் விசாரித்தாலே பயன் உண்டு. இரண்டாவது வகைக்குக் கடைக்காரரிடம் பேரம் பேசிப் பயனில்லை. அங்கே விலையை இறக்கியவை நீதிமன்றமும் சட்டமும்தான்.

சென்னையில் நடந்த வழக்கு

அந்தக் கதையின் பெரும்பகுதி சென்னையில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில் ஒரு வகைக்கு இமாடினிப் என்ற மாத்திரை வந்தபோது, மரணத் தீர்ப்பாக இருந்த நோய் தினமும் மாத்திரை சாப்பிட்டுக் கட்டுக்குள் வைக்கும் நோயாக மாறியது. நோவார்டிஸ் கம்பெனியின் கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து 10,000 ரூபாய்க்குள். 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்டிஸ் கொடுத்த விண்ணப்பம் 2006 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. தெரிந்த பொருளின் புது வடிவம் நோய் தீர்க்கும் திறனில் மேம்பட்டிருந்தால்தான் காப்புரிமை என்று சொல்லும், காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் அதைத் தள்ளினார்கள். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்துவைத்தது.

அந்த ஆண்டுகளில் நோவார்டிஸ் ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு மேக்ஸ் அறக்கட்டளை வழியாகக் கிளிவெக்கை இலவசமாகவே கொடுத்துவந்தது. அதனால் பிழைத்தவர்கள் உண்டு. அதைச் சிறிதாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் இலவசம் பெற விண்ணப்பிக்க வேண்டும், தகுதி காட்ட வேண்டும், பெயர் பதிய வேண்டும். விலை 10,000க்குள் இருக்கும் மாத்திரைக்கு அந்தப் படிகள் எதுவும் தேவையில்லை. ஏழையிலும் சேராமல் பணக்காரரிலும் சேராமல் நடுவில் நிற்கும் வாத்தியார் குடும்பத்துக்கும் சிறு கடைக்காரருக்கும் அந்த வேறுபாடுதான் எல்லாம்.

நெக்சவார் வழக்கில் இது இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான இந்த மருந்துக்கு பேயர் கம்பெனிக்குக் காப்புரிமை இருந்தது. மாத விலை 2,80,428 ரூபாய். 2012 மார்ச் 9 அன்று, பொதுமக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை என்பது உள்ளிட்ட காரணங்களைச் சொல்லி, ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனிக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் தயாரித்து விற்கும் அனுமதி) கொடுத்தார் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர். மாத விலை 8,880 ரூபாய். காப்புரிமைக்காரருக்கு உரிமத்தொகையும் உண்டு. முதலில் 6 சதவீதம், மேல்முறையீட்டில் 7. ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு நாட்கோ இலவசமாகத் தர வேண்டும் என்றும் நிபந்தனை. விலையில் சரிவு ஏறத்தாழ 97 சதவீதம். மேல்முறையீட்டு வாரியத்தில் 2013 மார்ச்சில் அந்த உரிமத்தை உறுதிசெய்த தலைவர், முன்பு சென்னையில் தீர்ப்பளித்த அதே பிரபா ஸ்ரீதேவன். சூடாமணியின் தமிழ்க் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான் என்பதை இங்கே சொல்லத் தோன்றுகிறது.

இந்தியாவில் கொடுத்த முதல் கட்டாய உரிமம் அது. அந்த வழி எளிதாகத் திறந்துவிடவில்லை. 2022இல் கேரளத்தில் மார்பகப் புற்றுநோயாளி ஒருவர், ரைபோசிக்ளிப் மாத்திரை மட்டும் மாதம் 58,140 ரூபாய் ஆகிறது, இதை மற்றவர்களும் தயாரிக்க அனுமதிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். விஷயத்தின் முக்கியத்துவம் கருதி நீதிமன்றம் தானாகவே அதை எடுத்துக்கொண்டது. ரைபோசிக்ளிப்பின் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தான பால்போசிக்ளிப்பின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்தது. உடனே பல இந்தியக் கம்பெனிகள் அதைக் கொண்டுவர, விலை மளமளவென்று சரிந்தது. இரண்டும் எல்லாருக்கும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகிவிடாது. ஆனால் “எழுதியிருக்கும் மருந்துக்குக் காப்புரிமை இருக்கிறதா, இதே வேலை செய்யும் காப்புரிமை முடிந்த மருந்து எனக்குப் பொருந்துமா?” என்று மருத்துவரிடம் கேட்கலாம். மாதம் பல ஆயிரம் ரூபாய் பெறும் கேள்வி அது. கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

‘இவ்வளவு வாங்கினால் மீதி இலவசம்’

இனி நம் குடும்பங்களை அதிகம் குழப்பும் இடத்துக்கு வருகிறேன். விலை உயர்ந்த ஊசிகளுக்கும் மாத்திரைகளுக்கும் கம்பெனிகள் நோயாளி உதவித் திட்டங்கள் வைத்திருக்கின்றன. சில, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பவை. சில, முதல் சில தவணைகளுக்குப் பணம் கட்டினால் நோய் கட்டுக்குள் இருக்கும்வரை மீதி இலவசம் என்பவை. மருத்துவர் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், அசல் ரசீது வேண்டும், ஆதார் வேண்டும். பல திட்டங்களில் ஏற்றி முடித்த காலிக் குப்பியையும் திருப்பித் தர வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊசி ஒன்று 1,00,000 ரூபாய், மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 17 ஊசி. முதல் ஆறுக்குப் பணம், பிறகு இலவசம். ஓர் ஆண்டு முழுக்க ஏற்றினால் 17 லட்சத்துக்குப் பதில் 6 லட்சம். ஏறத்தாழ 65 சதவீதம் தள்ளுபடி. திட்டத்தை விளக்குபவர் இந்த எண்ணைத்தான் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் நான்காவது ஊசிக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் நோய் வளர்ந்திருந்தால் மருத்துவர் மருந்தை நிறுத்திவிடுவார். அதுவரை கட்டியது 4 லட்சம். கிடைத்த தள்ளுபடி சுழியம். மருந்து வேலை செய்யாத குடும்பம் முழு விலையும் கட்டுகிறது. வேலை செய்த குடும்பத்துக்குத்தான் சலுகை. ஒன்றுக்கு ஒன்று என்ற திட்டத்தில் அதே நான்கு ஊசிக்கு 2 லட்சம்தான் போயிருக்கும். ஆண்டு முழுக்க ஓடினால் மட்டும் இது முந்தையதைவிட அதிகம், 9 லட்சம்.

எனவே ஒரே மருந்துக்கு இருவிதத் திட்டம் கிடைத்தால் எது மலிவு என்பது நோயாளி எத்தனை ஊசி வரை போவார் என்பதைப் பொறுத்தது. யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத விஷயம் அது. ஆனால் மருத்துவரால் ஓரளவு சொல்ல முடியும். “இது என் மனைவி மாதிரி நோயாளிகளில் பத்துப் பேரில் எத்தனை பேருக்கு வேலை செய்யும்? முதல் ஸ்கேன் எத்தனையாவது ஊசிக்குப் பிறகு?” இந்த இரண்டையும் கேட்டு, முதல் ஸ்கேன் வரை ஆகும் தொகையைத் தனியாக எழுதிப் பார்க்கச் சொல்வேன். கையில் அந்தத் தொகைதான் இருக்கிறது, அதன்பின் வயலை விற்க வேண்டும் என்றால், அந்த உண்மையை ஊசி தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பாதியில் நிற்கும் விலை உயர்ந்த சிகிச்சையைவிட முழுதாக முடியும் சாதாரண சிகிச்சை பல நேரங்களில் மேல் என்று அவரே சொல்லக்கூடும்.

பிரிட்டனிலும் நோயாளி அணுகல் திட்டம் என்ற பெயரில் கம்பெனிகள் தள்ளுபடி தருகின்றன. ஆனால் அங்கே பேரம் பேசுவது அரசின் சுகாதாரத் துறை, தள்ளுபடி போய்ச் சேர்வதும் அதனிடமே. இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளுக்கு 2009 ஏப்ரல் முதல் மருந்துச் சீட்டுக் கட்டணமே கிடையாது. அமெரிக்காவில் விலை தலைசுற்றும். இருந்தும் முதியோர் காப்பீட்டில் மருந்துக்காக ஒருவர் கையிலிருந்து கட்டுவதற்கு 2025இல் ஆண்டுக்கு 2,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். நோயாளி தன் கையிலிருந்து எவ்வளவுக்கு மேல் கட்ட வேண்டாம் என்பதைச் சட்டம் சொல்கிறது. இங்கே எத்தனை சதவீதம் கழியும் என்பதை மட்டும்தான் சொல்கிறார்கள். எதில் கழியும், எதுவரை கழியும் என்பதைக் குடும்பமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நோய் இன்னது என்று தெரிந்த அதே வாரத்தில்.

வரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2024 ஜூலை பட்ஜெட்டில் ட்ராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஒசிமெர்டினிப், துர்வாலுமாப் என்ற மூன்று மருந்துகளுக்குச் சுங்க வரி நீங்கியது. அக்டோபரில் அவற்றின் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 ஆனது. 2025 பட்ஜெட் இன்னும் 36 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சுங்க வரியை நீக்கியதோடு, கம்பெனிகளின் உதவித் திட்டங்களில் வரும் மருந்துகளுக்கும் விலக்கை விரித்தது. நோயாளிக்கு முற்றிலும் இலவசமாகப் போனால்தான் என்ற நிபந்தனையோடு. 2025 செப்டம்பர் 22 முதல் 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜிஎஸ்டியே இல்லை, பெரும்பாலான மற்ற மருந்துகளுக்கு 5 சதவீதம். பழைய ரசீது வைத்திருப்பவர்கள் புது ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. விலை ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் மருந்தின் பெயரைத் தட்டினால் பிராண்டுவாரியாக விலை தெரியும்.

அளவைக் குறைத்தவர்கள்

எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்தது மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு. நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பு ஊசி வழக்கமாக இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். அந்த விலையில் நம் நாட்டில் மிகச் சிலரால்தான் அதை ஏற்றிக்கொள்ள முடியும். அங்குள்ள மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களில் ஒரு பிரிவினருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், மலிவான மூன்று மாத்திரைகளோடு சேர்த்து. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 16.3 சதவீதம், சிறிய அளவு ஊசியும் சேர்த்துப் பெற்றவர்களில் 43.4 சதவீதம். புகையிலையும் வெற்றிலைப் பாக்கும் வாயில் அடக்கிப் பழகிய நம் பக்கத்து ஆட்களுக்கு வாய்ப்புற்று புதிதல்ல. அவர்களுக்கு இந்த எண்கள் வெறும் எண்கள் அல்ல. புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோனிலும் இப்படி ஒரு வழி உண்டு: வெறும் வயிற்றில் 1,000 மில்லிகிராம் சாப்பிடுவதற்குப் பதில் உணவோடு 250 மில்லிகிராம் சாப்பிட்டாலும் மருந்தின் வேலை குறையவில்லை என்று 2018இல் வந்த ஆய்வு காட்டியது. நாலில் ஒரு பங்கு மாத்திரை, நாலில் ஒரு பங்கு செலவு. எந்தக் கம்பெனியும் தராத தள்ளுபடி இது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், இவை மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியவை. காசு மிச்சம் என்று வீட்டில் நாமே மாத்திரையை உடைத்துச் சாப்பிடுவது உயிரோடு விளையாடுவது.

மேலூரிலிருந்து என்ன வழி? இங்கிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்கு பஸ். அங்கிருந்து கோரிப்பாளையத்துப் பெரியாஸ்பத்திரி, ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைக்க வேண்டுமானால் பாலரெங்கபுரம். 1994இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மொத்தமாக வாங்கிக் கொடுப்பதால் அரசு மருத்துவமனைகளில் கீமோ மருந்துகள் பெரும்பாலும் இலவசம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்கு, அதாவது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அனுமதி பெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். நோய் தெரிந்த மறுநாளே அட்டையைச் சரிபார்த்து, அதில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஆனால் அட்டை 5 லட்சம் என்றாலும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகை உண்டு. எழுதிய மருந்து அந்தப் பட்டியலில் இல்லையென்றால் 5 லட்சம் அப்படியே இருக்கும், மருந்துக்குக் கைப்பணம் போகும். “அட்டையில அப்ரூவல் வருமா, வராட்டி அட்டையில வர்ற மருந்து எது?” என்பதைக் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேட்க வேண்டும்.

மருந்தல்லாத செலவும் உண்டு. அடையாற்றுக்கோ திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் படுக்கை வகுப்பும் மூன்றாம் ஏசியும் முழு இலவசம், உடன் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை. மருத்துவமனையில் அதற்குரிய படிவத்தில் சான்று வாங்க வேண்டும். பலர் கேட்காமலே முழுக் கட்டணத்தில் போய்வருகிறார்கள்.

தள்ளுபடி மிதமிஞ்சிப் போனாலும் பயப்பட வேண்டும். 2024 மார்ச்சில் தில்லி காவல்துறை ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த புற்றுநோய் ஊசிகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, பூஞ்சைத் தொற்று மருந்தை நிரப்பி, மலிவு விலை என்று விற்றிருக்கிறார்கள். ரசீது இல்லாமல், தொகுப்பு எண் இல்லாமல், குளிர்பெட்டி இல்லாமல் யாரோ கொண்டுவந்து தரும் ஊசி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். காலிக் குப்பியை மருத்துவமனையிலேயே உடைக்கச் சொல்லுங்கள், திட்டத்துக்குத் திருப்ப வேண்டியிருந்தால் ஒழிய.

தனித்தனியாக நாம் இப்படிக் கேட்டு, கணக்குப் போட்டு, அலைந்து சாதிப்பதற்கு ஓர் அளவு உண்டு. சேர்ந்து வாங்கினால் என்ன ஆகும் என்பதை டாடா நினைவு மையம் ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பு காட்டியிருக்கிறது. 23 மையங்கள் ஒன்றுகூடி 40 மருந்துகளுக்கு ஒரே பேரம் பேசின. மிச்சம் 82 சதவீதம், சுமார் 1,320 கோடி ரூபாய். கேரளம் 2024 ஆகஸ்டில் காருண்யா மருந்தகங்களில் லாபமே இல்லாத புற்றுநோய் மருந்துக் கவுன்டர்களைத் திறந்தது. நம் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறந்தன. மதுரையில் ஒன்றிலாவது, பாலரெங்கபுரத்தின் வாசலிலேயே, அட்டையில் வராத புற்றுநோய் மருந்துகளைக் கொள்முதல் விலைக்கே விற்கலாம். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு மாதத்துக்கு ஆகும் முழுத் தொகையைத் தமிழில் பலகையில் எழுதி வைக்கலாம். சதவீதம் எதுவும் வேண்டாம், ஒரே எண் போதும். கரும்புக்கட்டு விலை கேட்கத் தெரிந்த எங்கள் தெருக்காரர் அந்தப் பலகையின் முன்னால் நின்றால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.